அரிவரி வகுப்பு வெளியே வந்த நாள்

ஆவுடைத்தாய்க்கு வாய் அதிகம். மேலகரத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தண்ணீர் முறை தப்பினால் மடையடியில் போய் நின்று ஆண்களோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பாள். அவள் புருஷன் சங்கரபாண்டி அதற்கு நேர் எதிர். "நீ பேசிட்டு வா, நான் வரப்பு வெட்டிட்டு வாரேன்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவான்.

அப்பேர்ப்பட்ட வாயையும் மூட வைத்தது மகள் முப்பிடாதியின் உடம்பில் வந்த வெள்ளை.

பிள்ளைக்கு மூன்று வயது நடக்கும்போது முழங்கையில் மிளகத்தனை வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. தேமலாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஐந்து வயதாவதற்குள் இரண்டு கைகளிலும் முழங்கால்களிலும் அது திட்டுத் திட்டாகப் படர்ந்துவிட்டது. வைத்தியர் கார்போகரிசியை அரைத்துப் பூசச் சொன்னார். பூசினார்கள். குற்றாலத்து அருவியில் மூலிகைத் தண்ணீர் விழுகிறது, விடியலில் கொண்டுபோய்க் குளிப்பாட்டு என்று சொன்னார்கள். ஒரு மண்டலம் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிள்ளைக்கு அருவியைக் கண்டால் இருந்த பயம் போயிற்று, வெள்ளை போகவில்லை. கடைசியில் தென்காசிக்குப் போய் இங்கிலீஷ் டாக்டரிடம் காட்டினாள். "இது பெருவியாதி இல்லம்மா, குஷ்டம் இல்ல. தோலில நிறம் போயிருக்கு, அவ்வளவுதான். வலிக்காது, யாருக்கும் ஒட்டாது" என்று டாக்டர் சொன்னார்.

அதை அவள் தெருவில் நின்று வீடு வீடாகச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டுத் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஆவுடைத்தாய் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. சங்கரபாண்டியின் பழைய சட்டையை வெட்டி, மணிக்கட்டு வரை கை வைத்த ஒரு சட்டையும் தரையைத் தொடுகிற பாவாடையும் தைத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள்.

முப்பிடாதி கோழியோடு பேசினாள். கன்றுக்குட்டியோடு பேசினாள். வாய்க்கால் வளையில் இருக்கிற நண்டைக் கூப்பிட்டுக் கதை சொன்னாள். இப்படியே இரண்டு வருஷம் போனபின், ஒருநாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது கேட்டாள்.

"யம்மா, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் பிள்ளைகளே வரமாட்டேங்கு?"

ஆவுடைத்தாய் பிள்ளைக்கு இன்னும் ஒரு கை சோறு போட்டாள். மறுநாள் காலையில் பிள்ளைக்குத் தலை சீவி, பூ வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

"எதுக்குட்டி வம்பு? அங்கன நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்" என்றான் சங்கரபாண்டி.

"பேசட்டும். வராத பிள்ளைகளை நாமதான் தேடிப் போவணும்" என்று நடந்தாள்.

*

குற்றாலம் போகிற சாலையில் ஓடு வேய்ந்த நீளக் கட்டடம் அது. வல்லிநாயகம் பிள்ளை தம்முடைய நிலத்தில் கட்டி நடத்திய பள்ளிக்கூடம். லண்டனில் பட்டம் கட்டிய புது ராஜாவின் படத்தை அந்த வருஷம்தான் சுவரில் மாட்டியிருந்தார்கள். பின்பக்கம் வாய்க்கால், முன்பக்கம் ஒரு புங்கமரம். எழுத்துப் பழக்குகிற அரிவரி வகுப்பை மங்களேஸ்வரி நடத்தினாள். பாளையங்கோட்டையில் டிரெயினிங் முடித்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண். வல்லிநாயகம் பிள்ளைக்குத் தூரத்து உறவு. அவரை மாமா என்று கூப்பிடுவாள்.

"பேரு?"

"முப்பிடாதி."

"சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிடலாமே. சிலேட்டுல எழுதச் சௌகரியமா இருக்கும்."

"வேண்டாம் டீச்சரம்மா" என்றாள் ஆவுடைத்தாய். குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி இறங்கிவிட்டது. "அது அப்பிடியே இருக்கட்டும். யாரையும் திறந்து பாக்க விடாதீங்க."

மங்களேஸ்வரி சட்டைக் கையின் ஓரத்தைப் பார்த்தாள். கொஞ்சம் வெள்ளை தெரிந்திருக்க வேண்டும். "வா முப்பிடாதி" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

முதல் சில நாள் ஆவுடைத்தாய் புங்கமரத்தடியிலேயே கிடந்தாள். தாயின் தலை தெரியாவிட்டால் பிள்ளை எழுந்து ஓடிவந்துவிடும். ஜன்னல் கம்பி வழியாக இவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பிடாதி சுவரை ஒட்டிக் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனி மட்டும் தெரிய, சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஜாஹிரா என்று ஒரு பிள்ளை. கடையநல்லூரிலிருந்து தறி வேலைக்காக இந்தப் பக்கம் குடிவந்த ஹைருன் பீவியின் மகள். அது காலையில் வந்ததிலிருந்து மணி அடிக்கிற வரைக்கும் அழும். சத்தமில்லாமல், நிதானமாக, வேலை செய்கிற மாதிரி அழும்.

முன் வரிசையில் சிவசுப்பிரமணியன். வல்லிநாயகம் பிள்ளையின் ஒரே பேரன். காதில் கடுக்கன், நெற்றியில் திருநீறு, இடுப்பில் வெள்ளி அரைஞாண். அவனைக் கொண்டுவிட ஒரு ஆள், கூட்டிப்போக ஒரு ஆள். மற்ற பிள்ளைகள் அவனைத் தொட்டு விளையாடப் பயந்தார்கள். கொஞ்சம் முட்டினால் என்ன ஆகுமோ என்று அவரவர் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவனும் தனியாகவே உட்கார்ந்து, சிலேட்டில் மாடு மாடாகப் படம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒருநாள் ஜாஹிரா அழுகையில் சிலேட்டை நழுவவிட்டாள். முப்பிடாதி அதை எடுத்துத் தன் பாவாடையால் துடைத்துக் கொடுத்தாள். மறுநாள் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் ஜாஹிரா மத்தியானம் வரைக்கும்தான் அழுதாள்.

ஜன்னலில் நின்ற ஆவுடைத்தாய்க்கு நெஞ்சு லேசாயிற்று. நடவு தொடங்கிவிட்டது, ஆள் பற்றவில்லை என்று சங்கரபாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தான். இனிமேல் பிள்ளை இருந்துகொள்ளும் என்று வயலுக்குப் போனாள்.

*

அன்று நாற்று நட்டு முடித்து, முழங்கால் வரை சேற்றோடு அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சாரல் விட்டு வெயில் எட்டிப்பார்த்த நேரம். வாய்க்கால் பக்கம் ஒரே இரைச்சலாகக் கிடந்தது. கட்டடத்தைச் சுற்றிப் போனவள் அங்கே கண்டதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

முப்பிடாதியின் சட்டைக் கை தோள் வரைக்கும் சுருட்டியிருந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையிலும் காலிலும் உள்ள வெள்ளையெல்லாம் வெட்டவெளியில் தெரிந்தது. அவளைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொன்றும் கையில், காலில், கன்னத்தில் சாக்பீஸை நனைத்து வெள்ளை வெள்ளையாகப் பூசியிருந்தது. நடுவில் நின்றவன் சிவசுப்பிரமணியன். முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டு, மாடு மாதிரித் தலையை ஆட்டி "ம்ம்மா" என்று கத்தினான். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

இரண்டு வருஷமாக ஆவுடைத்தாய் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கைக்கு வந்துவிட்டது. கூட்டத்துக்குள் பாய்ந்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கவில்லை. பையனின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"எம்பிள்ளையைப் பாத்தா ஒனக்குக் கேலியாலே இருக்கு?"

சிரிப்பு நின்றது. சிவசுப்பிரமணியன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனை யாரும் அடித்ததில்லை. அழ வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

கத்தியது முப்பிடாதிதான். தாயின் சேலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"அவனை ஏன் அடிச்ச? அவனை ஏன் அடிச்ச? நாங்க மாட்டாட்டம்லா ஆடுதோம்!"

"மாட்டாட்டமா?"

"நான் பெரிய மாடு. அவுக எல்லாம் எங்கூட வந்த மாடு. நீ ஏன் வந்த? நீ போ!"

சத்தம் கேட்டு மங்களேஸ்வரி ஓடிவந்தாள். பையனின் கன்னத்தையும் ஆவுடைத்தாயின் முகத்தையும் பார்த்தாள். நடந்தது புரிந்துவிட்டது. ஆவுடைத்தாயைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

"மத்தியானம் வாய்க்காலில நண்டு புடிக்கப் போனாங்க. நண்டை எப்படிப் புடிக்கணும்னு ஒம்ம மகளுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. வளைக்குள்ள கையை விடணும்லா, அவளே சட்டையைச் சுருட்டிட்டா. நான் சொல்லல, யாரும் சொல்லல. பிள்ளைக எல்லாம் பாத்து, இது என்னன்னு கேட்டுச்சு."

"எம்மவ என்ன சொன்னா?"

"'எனக்கு இப்பிடித்தான்'னு சொன்னா. அவ்வளவுதான். அதுக்கு இந்த சிவசுப்பிரமணியன் சொல்லுதான், எங்க வீட்டுச் செவலைப் பசுவுக்கும் இப்பிடித்தான் இருக்கு, எங்க தொழுவுலேயே அதுதான் நல்ல மாடுன்னு. உடனே எல்லாத்துக்கும் அப்பிடி வேணும்னு ஆயிப்போச்சு. என் மேசையில இருந்த சாக்பீஸ் பூராத்தையும் காணோம்."

ஆவுடைத்தாய் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சேறும் சாக்பீஸும் கலந்து ஒட்டியிருந்தது. அடித்தது தப்பு என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அந்தப் பையனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். அதற்குள் அவனைக் கூட்டிப்போக வந்த ஆள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலையில் போய்விட்டான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முப்பிடாதி தாயின் கையைப் பிடிக்கவில்லை. சட்டைக் கையை இறக்கிவிடவும் இல்லை.

*

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் வல்லிநாயகம் பிள்ளையே நின்றார். கையில் குடை, மேல்துண்டு, பின்னால் நாலைந்து பெரிய மனிதர்கள். பேரன் வெள்ளைத் திட்டுகளோடு வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் தாய் பிச்சம்மாள் அலறிவிட்டாளாம். தண்ணீர் ஊற்றித் தேய்த்ததில் அது சாக்பீஸ் என்று தெரிந்தது. ஆனால் எதைப் பார்த்து அப்படிப் பூசினான் என்பதும் தெரிந்துவிட்டது. விஷயம் இரவோடு இரவாக ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சாக்பீஸ் என்பது பாதி வழியிலேயே உதிர்ந்துபோய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வியாதி ஒட்டிக்கொண்டது என்றே போய்ச் சேர்ந்தது.

சிவசுப்பிரமணியன் தாத்தாவின் பக்கத்தில் நின்றான். கன்னத்தில் விரல் தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது.

ஆவுடைத்தாய் மகளைக் கூட்டிக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

"ஐயா, நேத்து ஒங்க பேரனை நான் அடிச்சிட்டேன். தப்பா நெனச்சு அடிச்சிட்டேன்."

வல்லிநாயகம் பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிச்சியா? கீழ விழுந்துட்டேன்னுலா இவன் சொன்னான்?"

பேரன் தரையைப் பார்த்தான். காலால் மண்ணைக் கீறினான். ஆவுடைத்தாய் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இவ்வளவு சின்னப் பிள்ளை தனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது என்று நினைத்து அவன் கன்னத்தைத் தடவினாள்.

"ராசா, நீ கேலி பண்ணுதேன்னு நெனச்சுட்டேன். இனிமே அடிக்க மாட்டேன், என்ன?"

அவன் யோசித்தான். "வலிச்சுது" என்றான். பிறகு, "நண்டு புடிக்க அவ வருவாளா?" என்று கேட்டான்.

"ஏலே, இங்க வா!" தாத்தா அவன் கையைப் பிடித்து இழுத்தார். "பிள்ளையை அடிச்சதை நான் பெருசு பண்ணல. ஆனா இந்தப் பிள்ளை இனி பள்ளிக்கூடத்துக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. ஊரே என்கிட்ட வந்து கேக்கு."

"டாக்டரு ஒட்டாதுன்னு சொல்லியிருக்காரு ஐயா."

"டாக்டர் சொல்லுவாரு. அவரு பிள்ளையா இங்கன படிக்கு?" கூடவந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். வல்லிநாயகம் பிள்ளை குரலைத் தணித்தார். "நான் ஒண்ணும் ஈரமில்லாதவன் இல்ல. வேணும்னா அது வெளிய, அந்த மரத்தடியில உக்காந்து படிச்சிக்கிடட்டும். கட்டடத்துக்குள்ள வேண்டாம். இதுதான் உத்தரவு. மங்களம், கேட்டியா?"

"கேட்டேன் மாமா" என்றாள் மங்களேஸ்வரி.

ஆவுடைத்தாய் எழுந்து நின்றாள். இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வாய் திறந்துகொண்டது.

"ஐயா, அடிச்சதுக்கு நீங்க என்ன தண்டனை சொன்னாலும் ஏத்துக்கிடுதேன். அது நான் செஞ்ச தப்பு. எம்பிள்ளை என்ன தப்பு செஞ்சுச்சு? சட்டையை மாட்டி இதை ஒளிச்சு வெச்சவ நான். ஒளிச்சதாலதான் நீங்க எல்லாம் பயப்படுதீக. இனிமே ஒளிக்க மாட்டேன். இங்கன பாத்துக்கிடுங்க."

மகளின் சட்டைக் கையைப் பிடித்துத் தோளோடு கிழித்தாள். நைந்த துணி, சர்ரென்று வந்துவிட்டது. இன்னொரு கையையும் கிழித்தாள்.

"இவ இந்தக் கையோடதான் தினமும் வருவா. மரத்தடியில உக்காரச் சொன்னா உக்காருவா. நானும் கூட உக்காருவேன். போவச் சொன்னா மட்டும் போவ மாட்டோம்."

முப்பிடாதி தன் வெறுங்கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு சிலேட்டைத் தூக்கிக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஆவுடைத்தாய் மரத்தில் சாய்ந்து நின்றாள். உள்ளே அ, ஆ என்று கூட்டமாகப் படிக்கிற சத்தம் கேட்டது. முப்பிடாதியும் வெளியிலிருந்து கூடவே கத்தினாள். உள்ளே நாற்பது குரல், வெளியே ஒரே குரல். ஆவுடைத்தாய் வானத்தைப் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசற்படியில் ஜாஹிரா தெரிந்தாள். கையில் சிலேட்டு, கண்ணில் தண்ணீர். அழுதுகொண்டே இறங்கினாள், அழுதுகொண்டே நடந்துவந்தாள், முப்பிடாதியை ஒட்டி உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சி அழுகையை நிறுத்தினாள். அவளைத் தேடி வந்த இன்னொரு பிள்ளையும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்து இரண்டு பையன்கள் ஓடிவந்தார்கள். வெளியே போகலாம் போலிருக்கிறது என்று உள்ளே இருந்த மற்றதுகளுக்கும் தோன்றிவிட்டது. கோழிக்குஞ்சு கூட்டைத் திறந்துவிட்ட மாதிரி அரிவரி வகுப்பு மொத்தமும் படியிறங்கியது.

கடைசியாக மங்களேஸ்வரி வந்தாள். கரும்பலகையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்து மரத்தில் சாய்த்து வைத்தாள்.

சாலையில் பெரிய மனிதர்களோடு பேசிவிட்டு வண்டி ஏறப்போன வல்லிநாயகம் பிள்ளை திரும்பி வந்தார். "மங்களம்! என்ன கூத்து இது?"

"அவ உள்ள வரக் கூடாதுன்னு சொன்னீங்க மாமா. வரல. நாங்க வெளிய வரக் கூடாதுன்னு நீங்க சொல்லலியே." கரும்பலகை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "கட்டடம் ஒங்களுது. வகுப்பு என்னது. பிள்ளைக எங்க இருக்கோ அங்கதான் வகுப்பு."

"வேலை போயிரும்."

"போனா, வேற வேலை கிடைக்கிறவரைக்கும் இந்த மரத்தடியிலேயே சொல்லிக்கொடுப்பேன்."

அவர் பேரனைக் கையோடு பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

*

அடுத்த நாள் பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. வந்தவர்களில் ஜாஹிரா ஒருத்தி. அவளைக் கொண்டுவிட வந்த ஹைருன் பீவியை வழியில் யாரோ தடுத்துக் கேட்டிருக்கிறார்கள். "எம்பிள்ள அழாம இருக்கிற எடம் இது ஒண்ணுதான். ஒங்க பேச்சைக் கேட்டு வீட்டுல வெச்சு அழ விடவா?" என்று சொல்லிவிட்டு வந்ததாக ஆவுடைத்தாயிடம் சொன்னாள். இருவரும் சேர்ந்து பழைய ஓலைப்பாய் இரண்டைக் கொண்டுவந்து மரக்கிளையில் கட்டினார்கள். சாரல் அதற்கெல்லாம் நிற்கவில்லை. சாய்வாக வந்து சிலேட்டில் எழுதியதை அழித்தது. பிள்ளைகள் அதையே விளையாட்டாக்கி, யார் எழுத்து முதலில் அழிகிறது என்று பார்த்தார்கள். அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் அசிங்கமாக ஒரு வார்த்தை சொன்னார். ஆவுடைத்தாய் திருப்பிச் சொன்னதில் அவர் வண்டி வேகமாகப் போயிற்று.

சில நாள் இப்படியே ஓடியது. சங்கரபாண்டி ஒருநாள் வயலிலிருந்து நாலு மூங்கிலை வெட்டிக்கொண்டு வந்தான். யாரிடமும் எதுவும் பேசாமல் குழி தோண்டி, மூங்கிலை நட்டு, தென்னங்கீற்றால் ஒரு பந்தல் போட்டுவிட்டுப் போனான்.

பந்தலுக்கு மறுநாள் காலையில் வல்லிநாயகம் பிள்ளையின் கூண்டுவண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது அவரில்லை. பிச்சம்மாள். வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராதவள். கைப்பிடியில் சிவசுப்பிரமணியன். அவன் கையில் சிலேட்டு.

பிச்சம்மாள் பந்தலுக்கு வெளியே நின்று எல்லாரையும் பார்த்தாள். "இதுல ஆவுடைத்தாய் யாரு?"

"நான்தாம்மா."

"என் மகனை அடிச்சது நீதானா?"

"ஆமா. நான்தான் அடிச்சேன்."

அவள் சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று ஆவுடைத்தாய் இடுப்புச் சேலையை இறுக்கிச் செருகினாள். ஆனால் பிச்சம்மாள் மகனின் தலையைத் தடவினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்கும் ஒரு பிள்ள வராது. வாசல்ல ஆள் நிக்கும், யாரு வீட்டுப் பிள்ள, என்ன ஆளுகன்னு கேக்கும். எவ அனுப்புவா? இவன் தொழுவுல போயி மாட்டோட பேசிக்கிட்டுக் கிடப்பான். அன்னைக்கு மேலெல்லாம் வெள்ளையாப் பூசிக்கிட்டு வந்தான்லா, நான் அலறிட்டேன். பொறவு குளிப்பாட்டும்போது சொன்னான், 'யம்மா, என்னைய ஆட்டத்துக்குச் சேத்துக்கிட்டாக'ன்னு. பிறந்ததிலேருந்து அவன் அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அதுக்குப் பொறவும் மாமா சொன்னாகன்னு இத்தனை நாள் வீட்டுல அடைச்சு வெச்சிருந்தேன்."

"ஐயாவுக்குத் தெரியுமாம்மா, நீங்க இங்கன வந்தது?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். வண்டியைப் பூட்டச் சொல்லி நானே சொன்னேன்." அப்படிச் சொல்லும்போது பிச்சம்மாளின் கழுத்து நிமிர்ந்தது. மகனின் முதுகில் கை வைத்துப் பந்தலுக்குள் தள்ளினாள். "போலே. போயி உக்காரு."

சிவசுப்பிரமணியன் நேரே போய் முப்பிடாதிக்கும் ஜாஹிராவுக்கும் நடுவில் உட்காரப் பார்த்தான். ஜாஹிரா நகர மறுத்தாள். அவன் முப்பிடாதியின் மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.

அன்று மத்தியானம் மலையில் கறுத்துக்கொண்டு வந்தது. சாரலாக இல்லாமல் மழையாகவே பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுகியது. மங்களேஸ்வரி பிள்ளைகளை நடுவில் நெருக்கி உட்காரவைத்தாள். ஆவுடைத்தாயும் ஹைருன் பீவியும் பாயைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். பிச்சம்மாளும் போகவில்லை. பட்டுக்கரைச் சேலை சொட்டச் சொட்ட, அவளும் ஒரு பாயின் நுனியைப் பிடித்திருந்தாள்.

வல்லிநாயகம் பிள்ளை குடையோடு நடந்தே வந்தார். வாசலில் நின்று பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பேரனின் தலையிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்தார். அவன் தாத்தாவைக் கண்டதும் முப்பிடாதியின் கையைப் பிடித்துக்கொண்டான். வெள்ளை இருக்கிற இடத்திலேயே பிடித்துக்கொண்டான். வேண்டுமென்று பிடித்தானா, அந்த இடம்தான் கைக்கு வந்ததா என்று யாருக்கும் தெரியாது.

"தாத்தா, நான் வரமாட்டேன்" என்றான்.

குடைக்கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும், மங்களம்" என்றார் கடைசியில். "உள்ள கூட்டிட்டுப் போ."

"எல்லாரையுமா மாமா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எல்லாரையுந்தான்" என்று சாலையைப் பார்த்துச் சொன்னார்.

*

ஊர் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பவே இல்லை. தெருவில் ஆவுடைத்தாய் குடத்தோடு வந்தால் ஒதுங்கிப் போகிறவர்கள் ஒதுங்கித்தான் போனார்கள். வல்லிநாயகம் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தால் முப்பிடாதி இருக்கிற பக்கம் பார்க்காமல் பேசிவிட்டுப் போவார். மங்களேஸ்வரியோடு அவர் வீட்டுக் கல்யாணத்தில்கூடப் பேசவில்லையாம். ஆனால் யாரும் முப்பிடாதியை எழுந்து வெளியே போகச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம், முப்பிடாதி ஓவென்று அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆவுடைத்தாய் அடுப்பை விட்டு எழுந்தாள். பழைய பயம் பாம்பாகத் தலை தூக்கியது.

"என்ன? யாரு என்ன சொன்னா?"

"சிவசுப்பிரமணியனும் ஜாஹிராவும் என்னைய ஆட்டத்துக்குச் சேக்க மாட்டேங்காக!"

"ஏனாம்? அன்னைக்கு அத்தனை ஆட்டம் ஆடிட்டு இப்ப என்னவாம் அதுகளுக்கு?" ஆவுடைத்தாய் சேலையை உதறிச் செருகினாள். "வா, இப்பவே போயிக் கேப்போம். கையைப் பத்தி எதுவும் சொன்னாகளா?"

முப்பிடாதி அழுகையை நிறுத்திவிட்டு, இது என்ன கேள்வி என்பதுபோல் தாயைப் பார்த்தாள்.

"கையா? அது இல்ல. பாண்டி ஆட்டத்துல நான் கோட்டை மிதிச்சிட்டு மிதிக்கலன்னு சொல்லுதேனாம். கள்ளாட்டம் ஆடுதேனாம்."

ஆவுடைத்தாய் நின்றாள். "மிதிச்சியா?"

"மிதிச்சேன்."

"பொறவு மிதிக்கலன்னு சொன்னியா?"

"ஆமா."

ஆவுடைத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். சங்கரபாண்டி கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமல் போய்விட்டான். தன் மகளோடு பிள்ளைகள் சண்டை போட்டிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளோடு போடுகிற மாதிரி, ஒரு வித்தியாசமும் இல்லாமல்.

"நாளைக்குப் போயி ஒழுங்கா ஆடு. அப்பதான் சேத்துக்கிடுவாக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முப்பிடாதி இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நின்றாள்.

"மாட்டேன். நாளைக்கும் மிதிப்பேன். சேத்துக்கிடாம எங்க போவாகன்னு பாக்கேன்."